கையில் பிடித்துக்கொள்ள ஒரு ஜி.பி.எஸ்.

எங்கள் ஜீப் கோஷ்டியிலேயே மட்டமான ஜி.பி.எஸ். என்னுடையதுதான் என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். திரை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வெயிலில் ஒன்றும் தெரியாது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். பேட்டரி பாதி வழியில் கையை விரித்துவிடும். இதற்கெல்லாம் மேலே, ஓட்டுகிறவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, கையில் வைத்துப் பார்த்து, வழி சொல்ல வேண்டும். வண்டி செய்கிற தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிற மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது என்று கேலி செய்தார்கள். தெரியும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பதற்காகத்தான் அதை வாங்கினேன்.

அந்த ஒருவர் என் மனைவி.

தொண்ணூறுகளில் நாங்கள் மராத்தி பேசுகிற ஊரான நிக்டிக்குக் குடிவந்த புதிதில், ராணுவத்தில் கழித்துப்போட்ட ஒரு ஜீப்பை வாங்கிச் சரி செய்தேன். பின்பக்கம் இரண்டு பலகை இருக்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். அதில் ஏற வேண்டுமானால் பின்னால் போய்த்தான் ஏற வேண்டும். குழந்தை குட்டி இல்லாத வீடு, அதனால் அந்தப் பலகைகளில் எப்போதும் ஸ்டெப்னியும் தண்ணீர்க் கேனும்தான் உட்கார்ந்து வந்தன. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் முல்ஷி, பவனா, வேல்ஹே என்று மலைப்பக்கம் கிளம்பிவிடுவோம். தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்கியதும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்காருவாள். பிறகு நான் ஸ்டியரிங்கைப் பிடிப்பதோடு சரி, வழியெல்லாம் அவள் பொறுப்பு.

அவள் பக்கத்திலேயே கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், பூர்வீகம் வேலூர்ப் பக்கம். வீட்டில் தமிழ், வெளியே இந்தி, மராத்தி என்று எல்லாம் கலந்த பேச்சு. வழி சொல்லும்போது மட்டும் மராத்திதான் வரும். இடது பக்கம் என்றால் 'டாவி', வலது என்றால் 'உஜ்வி'. மலையில் கேட்கிற ஆட்களெல்லாம் அப்படித்தானே சொல்கிறார்கள், நடுவில் எதற்கு மொழிபெயர்ப்பு என்பாள். புல்லுக்கட்டுச் சுமந்து வருகிற பெண்களிடம் வண்டியை நிறுத்தச் சொல்லி வழி கேட்பாள். கேட்டதோடு விடமாட்டாள். கட்டு யாருக்கு, மருமகள் எப்படி, மழை எத்தனை நாள் நின்று பெய்தது என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கிளம்ப விடுவாள். நான் ஹாரன் அடித்தால் முறைப்பாள். ஒருமுறை போன பாதை அவளுக்கு மறக்காது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். படம் வரையச் சொன்னால் மேலே அம்புக்குறி போட்டு வடக்கு என்று எழுதாத பையனுக்கு முழு மார்க் போடமாட்டாள், யார் வந்து சிபாரிசு செய்தாலும் சரி.

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முல்ஷியைத் தாண்டி நாங்கள் எத்தனையோ தடவை போன பாதையில், 'டாவி' என்றாள். திருப்பினேன். பாதை ஒரு நெல் வயலில் போய் முடிந்தது. வயல்காரர் சிரித்தார், அவளும் சிரித்தாள், நானும் சிரித்துவைத்தேன். அடுத்த மாதம் இன்னொரு இடத்தில் அதே கதை. அப்புறம் ஒரு சாயங்காலம் காய்கறி வாங்கப் போனவளை, அவளிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். நிக்டியில் நாலு ரோடு சந்திக்கிற சவுக்கில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாளாம். எங்கள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

பரிசோதனைகள் எல்லாம் எடுத்தார்கள். மறதி நோய் என்றார் டாக்டர். இந்த வயதில் வருவது அபூர்வம் என்றார். அபூர்வமானது எங்கள் வீட்டைத் தேடி வந்தது எனக்கு ஆத்திரமாக இருந்தது. அவரிடம் சண்டை போடுகிற மாதிரி ஏதோ கேட்டேன். அவள் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள். வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்ததும் சொன்னாள்:

"ஸ்கூல விட்டுடுறேங்க. புள்ளைங்களுக்குத் தப்பு தப்பா சொல்லிக் குடுக்கக் கூடாது. ஆனா ஞாயித்துக்கெழமைய மட்டும் என்கிட்டேர்ந்து புடுங்கிடாதீங்க. இந்த சீட்டு என்னோடது. அவ்ளோதான், வேற எதுவும் கேக்கல."

சரி என்றேன்.

அவள் வழி சொல்ல வேண்டும், அந்த வழி சரியாகவும் இருக்க வேண்டும். மலையில் தப்பான வழி என்பது எப்போதும் நெல் வயலில் போய் முடியாது. அப்போதுதான் ஜி.பி.எஸ். பற்றி யோசித்தேன். கோஷ்டியில் எல்லோரும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. தளேகாவ் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு டீக்கடையில் எல்லோரும் கூடுவோம். அவல் போஹா தட்டை பானெட்டின் மேல் வைத்துக்கொண்டு ஜி.பி.எஸ். பேச்சுத்தான். அடர்ந்த மரத்தடியில் எது சாட்டிலைட்டைப் பிடிக்கும், பள்ளத்தாக்கில் இறங்கினால் எது தொலைத்துவிடும், எதில் போன தடம் அழியாமல் பதிவாகும் என்று சம்பந்தி வீட்டு விவகாரம் மாதிரி அலசுவார்கள். பெரிய திரை வைத்து, டாஷ்போர்டில் பொருத்தி, ஓட்டுகிறவன் கண்ணெதிரே தடத்தைக் காட்டுகிற கருவிதான் காட்டுப் பாதைக்கு உத்தமம் என்று முடிவானது. எனக்கும் அதையே சிபாரிசு செய்தார்கள். நியாயமான சிபாரிசு. அதை வாங்கினால் அவள் சும்மா உட்கார்ந்து வர வேண்டியதுதான்.

கேம்ப் கடைத்தெருவில் ஒரு கடைக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். அங்கே பேசுகிற கருவி ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. கடைக்காரப் பையன் அதை இயக்கிக் காட்டினான். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், கொஞ்சமும் சந்தேகமில்லாத ஆங்கிலத்தில், இடது பக்கம் திரும்பச் சொன்னது. என் மனைவி தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"நல்லாச் சொல்றா, இல்லங்க?" என்றாள். "இவளுக்குத் தாகம் எடுக்காது. கால் மரத்துப் போச்சுன்னு வண்டிய நிறுத்தச் சொல்லமாட்டா. கேட்டத ரெண்டாம் தடவ கேட்டாலும் கோச்சுக்கமாட்டா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. தார் ரோடு முடிந்தால் இந்தக் குரல், திரும்பிப் போ, திரும்பிப் போ என்று பிராணனை வாங்கும், நமக்கு லாயக்கில்லை என்று சொல்லிக் கடையைவிட்டு இறங்கினேன். பெரிய திரைக் கருவியைப் பார்க்கலாமா என்று அவளே கேட்டாள். நம் ஜீப் குலுக்கலில் டாஷ்போர்டில் எதுவும் நிற்காது என்று ஒரு போடு போட்டேன். அது பொய். ஒரு ஸ்டாண்டு வைத்தால் பாறை மாதிரி நிற்கும். அன்றைக்கு அவள் அதை நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் மூலமாகக் கைக்கருவி வந்து சேர்ந்தது. கோஷ்டி நண்பர் ஒருவர் தான் போய்வந்த தடங்களை அதில் ஏற்றிக் கொடுத்தார். அவளுடைய வடக்குப் பிடிவாதம் அவருக்குத் தெரியாது. வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் படமும் கூடவே சுற்றுகிற மாதிரி, நாம் போகிற திசை எப்போதும் மேலே இருக்கிற மாதிரி வைத்துக் கொடுத்தார். எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் வளைவிலேயே என் மனைவி கத்தினாள்:

"அரே, என்னங்க இது? வடக்க பம்பரம் மாதிரி சுத்த விட்டிருக்கான்! யாருகிட்ட படிச்சான் இவன்?"

அங்கேயே ஓரம் கட்டச் சொல்லி, ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, அந்த அமைப்பை அவளே கண்டுபிடித்து மாற்றினாள். வடக்கு மேலே போய் நின்றது. இப்போதுதான் மேப்பு மேப்பாக இருக்கிறது என்று கருவியை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. டாக்டருக்கு என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேலே நன்றாகப் போனது. தேதி மறந்தது, உப்புப் போட்டோமா என்பது மறந்தது, தங்கை மகனின் பெயர் மறந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கருவியைக் கையில் எடுத்தால் பழைய மனுஷிதான். தெற்கே போகும்போது படத்தில் வலது பக்கம் இருப்பது நமக்கு இடது பக்கம் வரும். அதை மனசுக்குள்ளேயே புரட்டிப் போட்டு, 'டாவி' என்று டக்கென்று சொல்லிவிடுவாள். பின்னால் வருகிற வண்டிக்காரர்கள், உன் வீட்டம்மாவை எங்களுக்கும் ஒருநாள் கடன் கொடு என்பார்கள். அவள் முகம் மலர்ந்துபோகும்.

மழைக்காலம் முடிந்து மலையெல்லாம் மஞ்சள் பூ பூத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நாங்கள் இருவர் மட்டும்தான். முல்ஷிக்கு அப்பால் மலை விளிம்பை ஒட்டித் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். வலது கைப் பக்கம் கொங்கண் சரிவு. எட்டிப் பார்த்தால் அடி தெரியாது. ஆளுயரப் புல், பாதை சரியாகத் தெரியவில்லை.

"உஜ்வி," என்றாள்.

பிரேக்கை அழுத்தினேன். வலது பக்கம் புல், அதற்கு அப்பால் வெறும் ஆகாயம்.

"உஜ்விங்க. பாருங்க, கோடு வலது பக்கம் தானே போவுது," என்று கருவியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கோடு திரையில் வலது பக்கம்தான் போயிற்று. வடக்கு மேலே நின்றது. அவளால் அதைப் புரட்டிப் போட முடியவில்லை.

"மிஷின் ஏதோ தகராறு பண்ணுது. சாட்டிலைட்டு கெடைக்கல போல," என்றேன். இடது பக்கம் ஒடித்துப் போனேன். அவள் கருவியையும் வெளியே தெரிந்த பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஓர் ஓடையோரம் நிறுத்திப் புளியோதரை சாப்பிட்டோம். அவள் கை கழுவ இறங்கிப் போனாள். அவள் முதுகைப் பார்த்தபடி கருவியை எடுத்து, படம் வண்டியோடு சுற்றுகிற மாதிரி மாற்றி, அது இருந்த இடத்திலேயே வைத்தேன். இனிமேல் திரையில் வலது என்றால் வலதுதான், அவள் எதையும் புரட்ட வேண்டாம். நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். எப்படியாவது அந்த சீட்டை அவளுக்குக் காப்பாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமில்லை.

வண்டி கிளம்பி முதல் வளைவு திரும்பியது. மடியில் படமும் திரும்பியது. அவள் அதைப் பார்த்தாள். இன்னொரு வளைவு. மறுபடியும் சுற்றியது.

"மாத்திட்டீங்களா?"

"இல்லையே. தானா மாறியிருக்கும்."

"தானா மாறாதுங்க."

கொஞ்ச தூரம் போனோம். பிறகு நிறுத்தச் சொன்னாள். வாந்தி வருகிறதோ என்று பதறி நிறுத்தினேன். அவள் கருவியைத் தன் சீட்டில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினாள். வண்டியைச் சுற்றி நடந்து பின்பக்கம் போனாள். தண்ணீர்க் கேனை நகர்த்துகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பலகையில் ஏறி உட்கார்ந்து, ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? முன்னாடி வா."

"நக்கோங்க. வேணாம்."

"அது உன் சீட்டும்மா."

"தெரியும். அங்க உக்காந்தா நீங்க எனக்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்கு. அந்தக் கடையிலேர்ந்து சொல்லிட்டு வர்றீங்க. பழக்கமில்லாத மனுஷன், உங்களுக்கு நல்லாவும் சொல்ல வரல." அவள் குரலில் கோபமே இல்லை. "ஒரு நாள் நான் சொல்லி, நீங்க அந்தப் பக்கம் திருப்பிட்டா? இத்தன நாள் சொன்னேன் இல்ல, போதும். நீங்களே பாத்து ஓட்டுங்க."

கெஞ்சினேன். அதட்டினேன். அவள் முடிவு செய்தால் செய்ததுதான், பூகோள மார்க் மாதிரி. கடைசியில் நான் கிளம்பினேன். கருவியை எடுத்துத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டேன். பாதை பிரிகிற இடமெல்லாம் கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று. நின்று, காத்து, பிறகு ஞாபகம் வந்து, கருவியை எடுத்துப் பார்த்து, நானே திருப்பினேன். பக்கத்து சீட்டின் ரெக்ஸினில் அவள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய்விட்டு அழவில்லை. வண்டி போட்ட குலுக்கலில் தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரியாது என்று நம்பினேன்.

"ஏங்க," என்றாள் பின்னாலிருந்து.

"ம்?"

"நிறுத்திக் கண்ணத் தொடச்சிக்கினு ஓட்டுங்க. வலது பக்கம் பள்ளம் இருக்கு."

வண்டியை நிறுத்தித் துடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் மலைக்கு வரவில்லை.