கோச்சுக்கு ஓர் அர்ச்சனை

தில்லி ஆர்.கே.புரம், மலை மந்திர் முருகன் சந்நிதி. எனக்கு முன்னால் அர்ச்சனைத் தட்டோடு நிற்பவர் ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர். மகள் மெல்பர்னில் இருக்கிறாள். அதனால் அந்த ஊர்க்காரர்கள் முட்டை வடிவப் பந்தில் ஆடும் ஃபுட்பால் மேல் இவருக்கு வெறி.

“பத்து வருஷ சர்வீஸ் உள்ளவனை உட்கார வச்சுட்டு, நேத்து வந்த பையனை டீம்ல எடுக்கறான் சார் அந்த கோச். சீனியாரிட்டின்னு ஒண்ணு கிடையாதா? அச்சா, இன்னிக்கு அவனுக்குப் புத்தி வரணும்னுதான் அர்ச்சனை.”

குருக்கள் கோச்சின் நட்சத்திரம் கேட்கிறார். “அதெல்லாம் யாருக்குத் தெரியும்?” என்கிறார் இவர்.

“தெரியலேன்னா சுவாமி பேருக்கே பண்ணிடலாம்” என்கிறார் குருக்கள்.

இவர் முருகனை ஏற இறங்கப் பார்க்கிறார்.

“பண்ணுங்கோ. தேவர்களுக்கே சேனாபதியா சர்வீஸ் போட்டவர். அடுத்த மேட்சுக்கு டீமை அவரே செலக்ட் பண்ணட்டும்.”