கண்ணுக்கு இருபத்துநாலு வோல்ட்

ஓசூர் பிரஸ் ஷாப்புகளில் வேலை பார்த்தவர்கள் யாரையாவது புதிதாகச் சந்தித்தால், நான் அவர்கள் கையைப் பார்ப்பதில்லை. பார்த்தால் மனசு தன்னால் விரல்களை எண்ண ஆரம்பித்துவிடும். அந்தக் கெட்ட பழக்கம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு.

எங்கள் கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் ஒன்று இருக்கிறது. அதன் வாயில் இருபுறமும் ஒவ்வொரு கம்பம். இரண்டுக்கும் நடுவே பார்வைக்குத் தெரியாத ஒளி ஓடும். கை குறுக்கே போனால் பிரஸ் நின்றுவிடும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'கண்ணு'. அது விழித்திருக்க ஆடாமல் அசையாமல் இருபத்துநாலு வோல்ட் டிசி வேண்டும். எலக்ட்ரீஷியனான நான்தான் கொடுக்க வேண்டும்.

கரண்ட் இருந்தால் பிரச்சினை இல்லை. போனால் டிஜி என்று நாங்கள் சொல்லும் டீசல் ஜெனரேட்டர். அது ஒரு சண்டிமாடு. வெல்டிங் மெஷினைப் போட்டால் படுத்துக்கொள்ளும், நிறுத்தினால் துள்ளும். வோல்டேஜ் நூற்றைம்பதுக்கு இறங்கும்போதெல்லாம் கண்ணு மூடிக்கொள்ளும், பிரஸ் நிற்கும், சூப்பர்வைசர் வந்துவிடுவார்.

"கண்ண பைபாஸ் பண்ணி வுடுய்யா. டிஜி ஓடுற வரைக்கும்தானே?"

பைபாஸ் என்பது ஒரு துண்டு வயர்தான். போட்டுவிட்டால் கண்ணு சொல்வதை பிரஸ் கேட்காது. அந்த பிரஸ்ஸில் உட்காரும் பெண் கெலமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வீட்டில் தெலுங்கு, பக்கத்து மெஷினோடு கன்னடம், என்னோடு தமிழ். காலால் பெடலை மிதித்து, கையால் தகட்டை உள்ளே தள்ளுகிற வேலை. கால் ஒருமுறை முந்திக்கொண்டால் போதும். "முடியாது சார்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஊர்ப்பட்ட வேலைக்கு நடுவே தினமும் இந்தப் பாட்டு வேறு.

எந்த வோல்டேஜையும் தாங்கும் என்று கடைக்காரர் சத்தியம் செய்த பவர் சப்ளையை மாட்டினேன். தாங்கவில்லை. பெரிய கெப்பாசிட்டர் போட்டேன். இமைக்கும் நேரம் தாங்கிவிட்டுக் கைவிட்டது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

கடைசியில் ஜெனரேட்டரைத் திருத்தும் ஆசையையே விட்டேன். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தேன். ஜெனரேட்டர் அவற்றை சார்ஜ் மட்டும் செய்யட்டும், கண்ணு பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும். மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் மேல்தொட்டி இருந்தால் குழாயில் தண்ணீர் வருமில்லையா, அதே கதை. சார்ஜ் ஏறும்போது பேட்டரி இருபத்தேழைத் தாண்டும் என்பதால், நடுவில் ஒரு சின்ன ரெகுலேட்டர். டிஜியை ஓடவிட்டு, வெல்டிங்கையும் போடச் சொல்லி, மீட்டரை வைத்தேன். இருபத்துநாலிலேயே நின்றது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. போய் டீ குடித்தேன்.

"இனிமே நிக்காதாண்ணா?" என்றாள் அந்தப் பெண்.

"கை உள்ள போனா மட்டும் நிக்கும்மா."

அவள் கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஊத்தங்கரையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். வெள்ளி, சனி லீவு முடிந்து ஞாயிறு ஓவர்டைமுக்கு வந்தபோது பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் முகத்தில் ஒரு வெற்றிக்களை.

"உன் பேட்டரி ரெண்டு நாள் தாங்கலியே. நேத்து காலைல ஆன் பண்ணதும் கண்ணு செவப்பு. நானே பைபாஸ் போட்டு ஓட்டிட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முதலில் பிரஸ்ஸை நிறுத்தினேன். மீட்டர் வைத்தேன். இருபத்துநாலு. டிஜி போடச் சொல்லிப் பார்த்தேன். அப்போதும் இருபத்துநாலு. ஒன்றும் விளங்காமல் கம்பத்தருகே குந்தி உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். ஒளி வரும் கண்ணாடியின் மேல் தடிமனாகச் சந்தனம், அதன் நடுவே குங்குமம். காய்ந்து இறுகியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் எங்கள் ஷாப்பில் பூஜை போடுவோம். மோட்டார், ஸ்விட்ச் போர்டு, உட்காரும் ஸ்டூல்வரை பொட்டு இல்லாமல் ஒன்றும் தப்பாது.

"யாரும்மா இதுல வச்சது?"

"நான்தாண்ணா. மத்த மெஷினுக்கெல்லாம் நெத்தியில வச்சேன். இதுக்கு கண்ணுலயே வச்சிட்டேன். என் வெரல காக்குற சாமி ஆச்சே."

சிரிப்பு வந்தது, முழுசாக வரவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. பேனலைத் திறந்து சூப்பர்வைசர் போட்ட வயரைப் பிடுங்கினேன். அவர் ஏதோ போன் வந்ததுபோல நகர்ந்துவிட்டார்.

"அது என்னாண்ணா ஒயரு?"

"நேத்து கண்ணுக்கு பதிலா இதத்தான் போட்டிருந்தாங்க. இது இருந்தா, கை உள்ள இருந்தாலும் பிரஸ் எறங்கிடும்."

அவள் வயரையே பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"நேத்து முச்சூடும், சாமி பாத்துக்கும்னு தைரியமா கைய உள்ள வுட்டுக்கினு இருந்தேனேண்ணா."