எதிர்க்காற்றில் ஏறும் படகு

என் மனைவியின் அண்ணன் கொச்சியிலிருந்து ஒரு பாய்மரப் படகு வாங்கி வந்தார். பழைய படகுதான். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒரு சின்ன அடுப்பு உண்டு. இரண்டு நாள் கரையோரமாகச் சுற்றிவரவும் ஆகும், பந்தயத்தில் விடவும் ஆகும். அது அழகாக இருக்கிறது என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. இருந்தாலும் அழகாகத்தான் இருக்கிறது.

கை கூசுவதற்குக் காரணம், எனக்கும் அதே நீளத்தில் ஒன்று உண்டு. துபாயில் உல்லாசப் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, குளச்சலில் வீட்டுப் பக்கத்துத் தென்னந்தோப்பில் ஓலைப்பந்தல் போட்டு நானே ஃபைபரில் வார்த்தெடுத்த படகு. மச்சான் படகின் அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புத் தகடும் அதன் நுனியில் ஈயமும் இறங்கியிருக்கும். கீல் என்பார்கள். என்னுடையதில் கீல் ஒரு சாண்தான். அடிவயிறு அகலம், தட்டை. எங்கள் கரையில் வள்ளம் என்றால் வேலை முடிந்ததும் மணலில் ஏறி உட்கார வேண்டும். மச்சான் படகு துறைமுகத்தைவிட்டு எங்கேயும் ஒதுங்க முடியாது. என் படகு என் வீட்டு வாசலுக்கே வரும். இதை ஊரில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு படகும் கிழக்கே முட்டம் வரை போய்த் திரும்புவது, மோட்டாரைத் தொடக்கூடாது என்று பேச்சு. பேச்சை எடுத்தது நான். மனைவி என்னோடு வந்தாள். அவள் கண்ணெதிரே அவள் அண்ணனை முந்த வேண்டும், எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து “எங்கண்ணன் எங்கண்ணன்” என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது.

போகும்போது கச்சான் முதுகில் அடித்தது. மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றுக்கு என் தட்டை வயிறு தண்ணீர்மேல் சறுக்கிக்கொண்டு ஓடியது. மச்சான் பின்னால் புள்ளியாகிவிட்டார். மனைவி கேபினுக்குள் கட்டன்சாயா போட்டாள். அன்று குடித்த சாயாவின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

திரும்பும்போது அதே காற்று முகத்தில். எதிர்க்காற்றில் நேரே போக முடியாது, இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். அப்போது படகைப் பக்கவாட்டில் நழுவவிடாமல் பிடித்துக்கொள்வது அந்தக் கீல்தான். மச்சான் படகு ஒரு பக்கம் சாய்ந்தது, சாய்ந்த நிலையிலேயே ஊன்றிக்கொண்டு ஏறியது. என் படகு முன்னால் போவதுபோலத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் கரைத் தென்னைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஒரு சாண் கீல் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாததா? பட்டறையில் எத்தனை கீல் மாட்டியிருக்கிறேன்! தெரிந்தேதான் வைத்தேன்.

மச்சான் திரும்பிப் பக்கத்தில் வந்தார். “மாப்ள, கயிறு எறியட்டா? கெட்டி இழுத்துட்டுப் போறேன்.”

“வேண்டாம் மச்சான், நீங்க போங்க.”

“அண்ணன் கயிறு தாறேன்னு சொல்லுகாவ. வாங்கினா கொறஞ்சா போயிருவிய?” என்றாள் மனைவி. நான் பாயை இழுத்துக் கட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்தேன். குறைந்துதான் போவேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

மோட்டாரைத் தொடக்கூடாது என்று சொன்னவனே நான், அதையும் தொடவில்லை. கடைசியில் காற்று பாதி வழியிலேயே மணவாளக்குறிச்சிக் கரைக்குக் கொண்டுபோய்விட்டது. அலை தூக்கி மணலில் வைத்தது. வலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், யார் எவர் என்று கேட்காமல் ஓடிவந்து தோள் கொடுத்து மேலே ஏற்றினார்கள். படகில் ஒரு கீறல் இல்லை. மச்சான் ஆழத்திலேயே நின்று கைகாட்டினார். அந்த ஈயத்தை வைத்துக்கொண்டு அவரால் கிட்டே வர முடியாது. எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

“பாத்தியா, உங்கண்ணன் வள்ளம் இப்பிடிக் கரை ஏறுமா?” என்றேன்.

அவள் சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். “கரையில ஏறதுக்கா கடலுக்குப் போறோம்?” என்று கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு போய்வருவதாகச் சொன்னாள். போய்வா என்றேன். மீன் வாங்கும் சாக்கில் நானும் துறைமுகத்துக்குப் போய் அலைதடுப்புக் கல்மேல் நின்றேன். காற்று செத்துப்போகட்டும் என்று மனதார வேண்டினேன். காற்று கூடியது. மச்சான் படகு துறைமுக வாயைத் தாண்டியதும் சாய்ந்து, ஊன்றி, கச்சானுக்கு எதிரே ஏறத் தொடங்கியது.

மச்சான் பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சுக்கான் என் மனைவி கையில் இருந்தது. தலைமுடி கலைந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, பாயையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டு போனாள். என் படகில் எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். சுக்கானைத் தாருங்க என்று என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.