அடிச்சிக்கினு

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். கடைசிப் பிள்ளை சேகரைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மூன்று பேர் அடித்தே கொன்றார்கள். பார்த்தவள் நான். கோர்ட்டில் நிமிர்ந்து நின்று சாட்சி சொன்னேன். ஆனாலும் அவர்கள் விடுதலையானார்கள். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

போன மாதம் விழுப்புரத்தில் கோர்ட் டைப்பிஸ்டுகளுக்குப் பயிற்சி வகுப்பு. டீ கொடுக்கும் வேலைக்குப் போயிருந்தேன். பாடம் எடுத்தவர் ஒரு வழக்கைச் சொன்னார்.

“திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு கொலைக் கேஸு. செத்தவனோட அம்மா, ‘அடிச்சிக்கினு இருந்தாங்க’ன்னு சொல்லிச்சு. நம்ம ஆளு ‘அடித்துக்கொண்டிருந்தார்கள்’னு போடாம ‘அடித்துக்கொண்டார்கள்’னு டைப் பண்ணிட்டாரு. ஒருத்தனுக்கொருத்தன் சண்டைன்னு கேஸே மாறிப்போச்சு.”

“ஒரு ‘இருந்தாங்க’ தொலைஞ்சதுல மூணு பேரு வெளிய வந்துட்டானுங்க சார்” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“அந்த அம்மா நான்தாங்க” என்றேன். சிரிப்பு நின்றது. “இப்ப வந்து மறுபடி சொல்லலாங்களா?”

பாடம் எடுத்தவர் என்னைப் பார்க்கவில்லை. “அப்பீலும் முடிஞ்சிபோச்சும்மா.”

மீதிப் பேருக்கும் டீ கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்குக் கோர்ட்டில் வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் பேச்சில் அதற்கு வேறு சொல் இல்லை.

பேத்தி செல்வி, இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதினாயே, ஒருமுறை வாசித்துக் காட்டு.