தேவனஹள்ளிக்கு அம்மா ஓட்டிய ஸ்கூட்டர்

தேவனஹள்ளிக் கோட்டை வாசலில் அம்மா ஸ்கூட்டரை நிறுத்துகிறாள். லிங்கராஜபுரத்திலிருந்து இவ்வளவு தூரமும் ஓட்டி வந்தது அவள்தான். லைசென்ஸ் வாங்கிய பிறகு நெடுஞ்சாலையில் இதுதான் முதல் தடவை. லாரிகள் உரசிப் போனபோதெல்லாம் பின்சீட்டில் நான் ஜெபம் சொன்னேன். அம்மா ஹாரன் அடித்தாள். இப்போது அவள் முகமெல்லாம் சிரிப்பு.

கோட்டைச் சுவரோரம் ஒரு பெண் சக்கோத்தா என்கிற பம்ப்ளிமாஸ் பழம் விற்கிறாள். தைலமரத் தோப்புக்குள் இருக்கும் மாதா கோவிலுக்கு அவளிடம் வழி கேட்கிறேன்.

"அந்த மண்ரோட்லயே போங்க, பக்கந்தான்" என்றவள் அம்மாவைப் பார்க்கிறாள். "ஏன்க்கா, வண்டி நீங்களேவா ஓட்டினு வந்தீங்க?"

"ஆமாம்மா. ஊர் எல்லையில இருக்கிற ஹெப்பாலையே நீ தாண்ட மாட்டேன்னாரு இவங்கப்பா."

அவள் கத்தியைத் துடைத்து வைக்கிறாள். "பொம்பள ஓட்டுற வண்டியில நான் ஏறினதே இல்லக்கா. என்னையும் கூட்டினு போங்க, வழி காட்டுறேன். உங்க பொண்ணு கடையப் பாத்துக்கட்டும்."

அம்மா தயங்கவே இல்லை. என் ஹெல்மெட் பழக்காரியின் தலைக்குப் போகிறது. செம்புழுதி கிளப்பிக்கொண்டு வண்டி மரங்களுக்குள் மறைகிறது. நான் பழக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன்.

சற்று நேரத்தில் தோப்புக்குள்ளிருந்து கோவில் மணி கேட்கிறது. யாரோ இரண்டு பேர் சேர்ந்து கயிற்றை இழுப்பதுபோல் அது விடாமல் அடிக்கிறது.