டிரினிடாடிலிருந்து வந்த பங்காளி

கல்யாண வீடியோ எடுத்தே முதுகு ஒடிந்தவன் நான். கள்ளக்குறிச்சியில் முகூர்த்தம் இல்லாத ஓர் ஆடி மாதம், டிரினிடாடிலிருந்து வந்த ஒரு அம்மா என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். கரீபியன் கடலில் இருக்கும் தீவாம். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே கரும்பு வெட்டப் போன அவருடைய கொள்ளுத்தாத்தா திரும்பி வரவே இல்லை. அந்தக் குடும்பக் கதையை ஆவணப்படமாக எடுத்துக்கொண்டிருந்தார். தமிழ் வராது. என் அரைகுறை இங்கிலீஷில்தான் வண்டி ஓடியது.

அவர்களிடம் மிஞ்சியிருந்தது ரிஷிவந்தியம் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரும், குலதெய்வத்தின் பெயரும்தான். போதாதா? அந்தச் சாமியைக் கும்பிடுகிற வகையறா அந்த ஊரில் ஒன்றே ஒன்று. அதில் மூத்தவரான பெரியவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

"நீ எங்கள் ஆள்தான் என்று ஒருவர் சொன்னால் போதும். அப்பா அதைக் கேட்காமலே போய்விட்டார்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் அந்த அம்மா.

பெரியவர் நன்றாகத்தான் பேசினார். "எங்க தாத்தா கூடப் பொறந்தவரு ஒருத்தரு கப்பலேறிப் போனாருன்னு சொல்லிக்கினு இருப்பாங்க. வாம்மா, இது உன் வூடு." கேமரா முன்னால் கையையும் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா தேம்பித் தேம்பி அழுதார்.

தன் அப்பா போன மாதம்தான் இறந்தார் என்று அந்த அம்மா பிறகு சொன்னார். அதைத் தமிழில் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பங்காளி செத்த சேதி காதில் விழுந்தால், எத்தனை நாள் கழித்தானாலும், உடனே எழுந்து போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். தீட்டு சொந்தத்துக்குத்தான், வேற்றாளுக்கு இல்லை.

"அடப் பாவமே! வயசு இன்னா?" என்றார் பெரியவர். டீயை உறிஞ்சினார். மருமகளைக் கூப்பிட்டு, "வந்தவங்களுக்கு இன்னும் ரெண்டு முறுக்கு வையி" என்றார். வாயால் உறவு கொண்டாட என்ன செலவு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்டாண்டைத் தூக்கி அவர் மேலேயே போட்டிருப்பேன்.

சாயங்காலம் சங்கராபுரத்தில் டீ குடிக்கும்போது அந்த அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. படத்தில் பேசுவதற்காகக் கேட்டார்: "சொந்தக்காரர் எங்கேயோ தூரத்தில் செத்தால் இங்கே என்ன செய்வீர்கள்?"

என் பாழாய்ப்போன வாய். சேதி கேட்ட உடனே குளித்துவிடுவோம் என்று சொல்லித் தொலைத்தேன்.

கேமராவை வாங்கி, காலையில் எடுத்ததை ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்.

"அந்த வீட்டில் ஒருவர்கூடக் குளிக்கவில்லையே," என்றார்.