கொள்ளைக்காரன் வாசலில் நின்ற வாரம்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறைகளுக்கு இன்றும் குறைவில்லை. ஆனால் கதை வாசித்தே கூலி வாங்கியவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அஞ்சாவதோடு படிப்பு நின்றவளுக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரத்தில், அச்சு சேர்ந்த இடம் மேடாக ஒரு கோடு ஓடும். அதைக் கத்தியால் சுரண்டி எடுப்பதுதான் பெண்களுக்கு வேலை. வேலை கைக்குத்தானே, காது சும்மாதானே இருக்கிறது? வாரப் பத்திரிகையில் வந்த சரித்திரத் தொடரை நான் சத்தமாக வாசிப்பேன். என் பங்குப் பொம்மைகளை மற்றவர்கள் பிரித்துக்கொண்டு முடித்துவிடுவார்கள். இரண்டு ராஜ்ஜியங்களுக்கு நடுவே, எந்த ராஜாவுக்கும் அடங்காத எல்லைக்காட்டில் மாடு கவர்ந்து பிழைக்கும் கொள்ளைக்கூட்டத்தின் கதை அது. குதிரை வருகிற இடத்தில் பலகையைத் தட்டிக் குளம்புச் சத்தமும் போடுவேன்.

"இவ தொண்டைக்கு ரேடியோக்காரன் வந்து தூக்கிட்டுப் போவப்போறான்" என்பார்கள்.

பக்கத்தில் என் அத்தை இருப்பாள். லாரியோடு வடக்கே போன மாமாவைப் பற்றி வருஷக்கணக்கில் சேதி இல்லை. அத்தையும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டாள்.

அந்த வாரம், செத்துப்போனான் என்று ஊரே முடிவு கட்டிய கொள்ளைத் தலைவன் மழையில் நனைந்தபடி தன் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளேயிருந்து மனைவி "யாரது?" என்றாள். அங்கே தொடரும் போட்டுவிட்டார்கள். நான் நிமிர்ந்து பார்த்தால், அத்தை கையிலிருந்த குதிரைப் பொம்மைக்குக் காது இல்லை, மூக்கும் பாதி போயிருந்தது. மடியில் இன்னும் இரண்டு மொட்டைக் குதிரைகள்.

மேஸ்திரி பார்த்துவிட்டார். "நாளையிலேர்ந்து கதையும் கிடையாது, கத்திரிக்காயும் கிடையாது."

யாரையும் எதிர்த்துப் பேசாத அத்தை எழுந்து நின்றாள். "கெட்டுப்போனதை சோறு திங்கிற நேரத்துல உக்காந்து நான் செஞ்சு தரேங்க. அவன் வூட்டுக்குள்ள போற வரைக்கும் புள்ள படிக்கட்டும்."

மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் மண் கையைக் கழுவும்போது அத்தை கேட்டாள்: "ஏ கண்ணு, அவ கதவைத் தொறப்பாளா?"

"தொறக்காம பின்ன? அடுத்த வாரம் நானே படிச்சுச் சொல்றேன், பாருங்க."

"அவ்ளோ சுளுவா தொறந்துடுவாளா என்ன" என்றாள் அத்தை.

என் வாசிப்புக்காக மேஸ்திரியையே எதிர்த்தாளே என்று கழுத்தை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தேன். அத்தை மெதுவாகப் பின்னால் வந்தாள். யார் வீட்டுக் கதவைப் பற்றி அவள் கேட்டாள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவே இல்லை.